ரெண்டாவது தட்டு

ஐயா,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். செவ்வாக்கெழமதான் ஏலப்பாறையில ஒன் வீட்டுல ஒனக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தேன், நீ நல்லாத்தான் இருந்த. நான்தான் நல்லா இல்ல. பாதிச் சோத்துல வட்டில ஒதுக்கி வச்சுட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். கனகா பாவம், "அத்தை, கொழம்புல உப்புக் கூடிப்போச்சா?"ன்னு வாசல் வரைக்கும் பின்னாலயே ஓடி வந்துச்சு. மருமக வச்ச கொழம்புல ஒரு கொறையும் இல்லன்னு மொதல்ல அதுகிட்டச் சொல்லிரு. அப்புறம் நீ போன் பண்ணி, "எஸ்டேட்டுல சாக்குத் தள்ளுனவன்னு நாலு பேருக்கு முன்னாடி சொன்னா ஒனக்குக் கேவலமா இருக்காம்மா?"ன்னு கேட்ட பாரு, வந்துச்சு எனக்குக் கோவம். கேவலமாடா? அந்தச் சாக்குத் தள்ளுன கையாலதான்டா ஒனக்குச் சோறு ஊட்டுனேன். போன வச்சுட்டேன், ஏன்னா சொல்ல வேண்டியது அது இல்ல, வேற ஒண்ணு.

அத போன்லயே சொல்லிருக்கலாம். ஆனா நான் ஆரம்பிச்சதும் நீ "சரி சரி, புரிஞ்சிருச்சும்மா"ன்னு சொல்லிருவ. சின்னதுல இருந்தே நீ அப்படித்தான், அது என்கிட்ட இருந்து வந்த சீக்கு. அதனால எழுதுறேன். எட்டாப்புப் படிச்சவ கையெழுத்து கோழி கிண்டுன மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கோ. ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி கடைசி வரி வரைக்கும் படிச்சிரு. ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் படிச்சா ஒரு புண்ணியமும் இல்ல.

ஞாயித்துக்கெழம ஒன் கம்பி தொறக்குது. நீங்க ஜிப் லைன்னு சொல்றீக, எனக்கு அது கம்பிதான். ஆத்துக்கு இந்தக் கரையில மேட்டுல இருந்து அந்தக் கரையில மூடிக் கெடக்குற பேக்டரி வரைக்கும், டூரிஸ்ட்டுகள இடுப்புல வாரு கட்டித் தொங்கவிட்டு அனுப்பப்போற. நீயும் ஒன் கூட்டாளி ஷாஜியும் ஒரு வருசமா நாயா அலைஞ்சது எனக்குத் தெரியும். "அம்மா, நீ கொழுந்து அனுப்புன கம்பி இருந்த அதே எடம்மா, அந்தப் பழைய கான்கிரீட்டு மேலேயே தூணு நட்டிருக்கோம், மொத ஆளா நீதான் போகணும், போயிட்டு வந்து வீடியோவுல நாலு வார்த்த பேசணும்"னு நீ சொன்னப்ப எனக்கு நெஞ்சு பூரிச்சுத்தான் போச்சு. அடுத்த நிமிசமே இந்தப் பேச்ச இதோட விட்டுரக் கூடாதான்னு ஆகிப்போச்சு. அது ஒனக்குத் தெரியாது.

அந்தக் கம்பிய நீ பாத்ததில்ல. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே அறுத்து எடைக்குப் போட்டுட்டாக. தேயிலக்காடு பூராம் ஆத்துக்கு இந்தப் பக்கம், பேக்டரி அந்தப் பக்கம் டவுனுல. பாலம் கீழ எங்கேயோ சுத்திப் போகணும். எங்கப்பா காலத்துல கொழுந்த மாட்டு வண்டியில ஏத்தி அந்தச் சுத்துப் பாதையிலதான் கொண்டுபோனாகளாம். சாக்குல அமுக்குன கொழுந்து சும்மா கெடக்காது ஐயா, உள்ளுக்குள்ள சூடு ஏறும். நடுச்சாக்குல கைய விட்டா வெந்நீர்ப் பானைக்குள்ள விட்ட மாதிரி சுடும். வண்டி போயிச் சேர்றதுக்குள்ள பாதி செவந்து போயிரும், அப்புறம் அது என்ன தேயில? அதுக்குத்தான் கம்பி இழுத்தாக. மேட்டுல ரெண்டு தூணு, அந்தக் கரையில ரெண்டு தூணு, நடுவுல பெருவெரல் தண்டிக்கு எஃகுக் கம்பி. சாக்கு வாயக் கட்டி, கொக்கியில மாட்டித் தள்ளிவிட்டா, அது பாட்டுக்கு ஆத்தத் தாண்டிப் பறந்துரும். மோட்டாரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது, பள்ளம்தான் இழுக்கும். அந்தக் கரையில பழைய லாரி டயர அடுக்கி வச்சிருப்பாக, சாக்கு அதுல வந்து முட்டி நிக்கும். அங்க நிக்கிற ஆளு எறக்கிப் போடணும். காலியான கொக்கிய எல்லாம் மறுநாக் காலையில ஜீப்புல இந்தப் பக்கம் கொண்டாந்து போடுவாக. மழ மாசத்துல மேகம் எறங்குச்சுன்னா அந்தக் கரையே தெரியாது. சாக்கு பத்தடி போனதும் வெள்ளைக்குள்ள காணாமப் போயிரும்.

மேல நின்னு சாக்கு விடுற ஆளு நானு. பத்தொம்பது வயசு, கல்யாணம் ஆகல. கீழ எறக்குற ஆளு என் அண்ணன், ஒன் மாமா. சின்னதுல "மொட்டக்கை மாமா"ன்னு கூப்பிட்டு என்கிட்ட வெளக்குமாத்தால அடி வாங்குனியே, அந்த மாமாதான். அப்ப அண்ணனுக்கு ரெண்டு கையும் இருந்துச்சு.

ஆத்துச் சத்தத்துல கத்துனா கேக்காது. அதனால கம்பி வழியாத்தான் பேச்சு. சாக்க எறக்கி முடிச்சதும் அண்ணன் ஒரு இரும்புத் துண்டால கம்பியத் தட்டும். மேல நான் கையக் கம்பி மேல வச்சிருப்பேன், ணங்குன்னு உள்ளங்கையில வந்து விழும். ஒரு தட்டுன்னா விடு. ரெண்டு தட்டுன்னா விடாத. அம்புட்டுதான் பாஷ. இப்ப கொஞ்சம் ரோசிச்சுப் பாரு. விடாதன்னு சொல்றதுக்கும் மொதத் தட்டு அதே தட்டுதான். ஒண்ணு வந்து விழுந்ததும் அது விடுவா, விடாதயில பாதியான்னு யாருக்கும் தெரியாது. அதனால சூப்பர்வைசர் மொத நாளே எனக்குச் சொல்லிக் குடுத்தாரு: "ஒண்ணு கேட்டா ஒரு மூச்சு நல்லா இழுத்து விடு புள்ள. அதுக்குள்ள ரெண்டாவது வரலன்னா சாக்க விடு." மேல இருந்து கீழ சொல்றதுக்குன்னு தட்டு எதுவும் கெடையாது. அப்படி ஒண்ணு வேணும்னு அன்னிக்கி யாருக்கும் தோணல.

ஒரு மூச்சு. அதுக்கு என்ன பெரிய நேரம் ஆகிரப் போகுது? ஆனா ஒங்கம்மாவப் பத்தி ஒனக்குத் தெரியும். பால் பொங்குற வரைக்கும் அடுப்படியில நிக்க மாட்டா. பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாடியே படியில எறங்கிருவா. இத எழுதிக்கிட்டிருக்கும்போதே மூணு தடவ எந்திரிச்சு எஸ்டேட் லயத்து வீட்டு வாசலுக்குப் போயி நின்னுட்டு வந்துட்டேன், ஒரு காரியமும் இல்ல. அடுப்புல வச்ச கட்டஞ்சாயா சுண்டிச் சட்டி கருகிப்போச்சு. அந்த வயசுல கேக்கவே வேணாம். சூப்பர்வைசர் ஒருநா, "இந்தப் புள்ள விடுற வேகத்துக்குக் கீழ ரெண்டு ஆளப் போடணும்டா"ன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு. அவ்வளவுதான், தலக்கிறுக்கு ஏறிப்போச்சு. ஒரு மூச்சு அரை மூச்சாச்சு. கொஞ்ச நாள்ல அதுவும் போச்சு. ணங்குன்னதும் தள்ளிருவேன். அண்ணன் ஒருக்கா வீட்டுல வச்சு, "ஏ புள்ள, நீ மூச்சே விடுறதில்ல போலயே"ன்னு சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

ஆடி மாசம். அதுக்கு மொத நாள்தான் காளியம்மன் கோயில் கொடத் திருவிழா முடிஞ்சிருந்துச்சு. மேகம் காலால மிதிக்கிற மாதிரி எறங்கிக் கெடக்கு. ஈரக் கொழுந்து, ஒவ்வொரு சாக்கும் பொணம் கனக்குது. ஒரு சாக்கப் போட்டு அனுப்பிட்டு அடுத்தத மாட்டிக்கிட்டு நிக்கிறேன். வழக்கமா வர்ற நேரத்துக்குத் தட்டு வரல. எனக்குக் கால் நிக்கல, மனசுக்குள்ள அண்ணனத் திட்டுறேன், தூங்கிருச்சா என்னன்னு. அப்ப விழுந்துச்சு, ணங். தள்ளிட்டேன். சாக்கு என் கைய விட்டுப் போயிருச்சு, கொக்கி கிர்ர்ருன்னு ஓடுது, அப்ப என் உள்ளங்கையில ரெண்டாவது வந்து விழுந்துச்சு.

கேட்டேன் ஐயா. நல்லாக் கேட்டேன். இன்னிக்கி வரைக்கும் ஒங்கப்பாகிட்டச் சொல்லல, அவுக மண்ணுக்குள்ள போயாச்சு. சாமிகிட்டக்கூடச் சொன்னதில்ல. ரெண்டாவது தட்டு எனக்குக் கேட்டுச்சு.

கத்துனேன். கல்ல எடுத்துக் கம்பிய அடி அடின்னு அடிச்சேன். அந்த அடி அங்க என்னன்னு புரிஞ்சிருக்கும், அப்படி ஒரு தட்டே கெடையாதே. அங்க முன்னாடி போன சாக்கு டயருக்கு ஒரு மொழம் முன்னாடியே கொக்கி சிக்கி நின்னுருச்சு. அண்ணன் ரெண்டு தட்டிட்டு, இனிமே தங்கச்சி விட மாட்டான்னு நம்பி, தூணுக்கும் சாக்குக்கும் நடுவுல கைய விட்டுக் கொக்கிய எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. நான் விட்ட சாக்கு போயி மோதி அந்தக் கைய நசுக்கிருச்சு, வலது கை. ஆஸ்பத்திரியில மணிக்கட்டோட எடுத்துட்டாங்க.

மூணாம் நாள் எஸ்டேட் ஆபீசுல விசாரணை. ஆபீசர் மலையாளி, தங்கமான மனுசன், என்னைய நாற்காலியில உக்காரச் சொன்னாரு. "பேடிக்கண்டா மோளே, எத்தற கேட்டு? ஒண்ணோ, ரெண்டோ?" பயப்படாத மகளே, எத்தன கேட்டுச்சுன்னுதான் கேக்குறாரு. நான் "ஒண்ணு"ன்னேன். நான் சாக்க விட்டப்ப ஒண்ணுதான கேட்டிருந்துச்சு, அப்ப அது பொய்யில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தூ! எப்பேர்ப்பட்ட பித்தலாட்டம் பாரு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல அண்ணன்கிட்டயும் கேட்டாங்க. ரெண்டு தட்டுனேன் சார்னு சொல்லுச்சு. மொத நாள் கொடையில குடிச்சியான்னு கேட்டாங்க, ஆமா சார்னு அதையும் மறைக்காமச் சொல்லுச்சு. உண்மையச் சொன்ன வாய்க்கு அதுதான் கெடச்சுது. போத தெளியாம வேலைக்கு வந்தான், தட்டுல தப்புப் பண்ணிட்டான்னு எழுதி முடிச்சுட்டாங்க. கீழ சாட்சின்னு போட்டு நான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் லயத்த விட்டுக் கீழ கம்பம் ஊருக்குப் போயிருச்சு, திராட்சத் தோட்டத்துக் காவலுக்கு. பேசி வச்சிருந்த பொண்ணு வீட்டுல, கை இல்லங்குறதுக்குக்கூட இல்ல, குடிகாரன்னு சொல்லி வேணாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் அது கட்டிக்கவே இல்ல. வருசா வருசம் பொங்கலுக்குத் திராட்சப் பைய ஒத்தக் கையில தொங்கவிட்டுக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கும். ஒன் கல்யாணத்துல தாய்மாமன் மால போட்டது அந்த ஒரு கைதான், நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டேன், ஞாவகம் இருக்கா? ஒரு நாளும் என்கிட்ட அதப் பத்திக் கேட்டதில்ல. அது கேக்காம இருக்க இருக்க எனக்குச் சொல்ல வாய் வரல. கேட்டிருந்தா சொல்லிருப்பேனான்னு தெரியல. சொல்லிருக்க மாட்டேன்னுதான் நெனக்கிறேன், எதுக்குப் பொய்.

இப்ப செவ்வாக்கெழமைக்கு வர்றேன். மத்தியானம் என்னைய மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, மணல் மூட்டைய வச்சு ஓட்டிக் காட்டுன. நீ மேல, ஷாஜி அந்தக் கரையில, ரெண்டு பேரு கையிலயும் வாக்கி டாக்கி. நாலஞ்சு மூட்ட ஒழுங்காப் போச்சு. "ரெடி ஆயி"ன்னு ஷாஜி சொல்றான், நீ விடுற. அடுத்த மூட்டைக்கு அந்தப் பொட்டி "ரெடி ஆயி"ங்குது, நீ கைய எடுத்துட்ட, மூட்ட போயிருச்சு, அதுக்கப்புறம் மிச்சம் வருது, "ட்டில்லடா!" ஆயின்னா ஆயிருச்சு, ஆயிட்டில்லன்னா ஆகல. மலையாளம் ஒனக்கு என்னையவிட நல்லாத் தெரியும். தெரிஞ்சு என்ன, நீ பாதிச் சொல்லுலயே விட்டுட்டியே! ஷாஜி அந்தப் பக்கம் கத்துறான், நீ சிரிக்கிற. நான் தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "மணல் மூட்டதானம்மா, எதுக்கு இந்தப் பதறு பதறுற?"ன்னு கேட்ட. என் வயித்துல பொறந்தவன், நான் நின்ன எடத்துலயே நின்னு, நான் பண்ணுனதையே பண்ணிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்.

அன்னிக்கிச் சாயங்காலம் சாப்பிடும்போது, அங்க வைக்கப்போற போர்டுல என்ன எழுதிருக்குன்னு போனப் பாத்து வாசிச்ச. கொழுந்து போன கத, கம்பி போட்ட கத எல்லாம் அழகா எழுதிருந்த. கடைசியில, "அக்காலத்தில் குடிபோதையில் பணிபுரிந்த ஒரு தொழிலாளி தன் கையை இழந்தார். எங்கள் பணியாளர்கள் எவரும் மது அருந்துவதில்லை." பேரு போடலைல்லம்மான்னு வேற சொன்ன. அந்தச் சோறு எனக்கு எப்படி எறங்கும்? அத ஒனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நான்தான். "மாமா கை எப்படிம்மா போச்சு?"ன்னு நீ ஆறு வயசுல கேட்டப்ப, குடிச்சதால போச்சு, நீ குடிக்காதன்னு சொல்லி வச்சேன். ஒனக்குப் புத்தி சொல்றதுக்குக்கூட என் அண்ணனோட கையத்தான் எடுத்து வித்திருக்கேன்.

அதனால அந்தப் போர்ட வைக்காத. அச்சடிச்சுட்டாங்கன்னா ஒடைச்சுப் போடு. அப்புறம் அந்த வாக்கி டாக்கிப் பேச்ச மாத்து. நம்ம பாஷையும் சரி, ஷாஜி பாஷையும் சரி, வேணாம்னு சொல்றது வாலுலதான்டா வருது. விடு, விடாத. ஆயி, ஆயிட்டில்ல. பொறுமையில்லாதவன் காதுக்கு வால் போயிச் சேராது. நிறுத்துறதுக்கு ஒத்தச் சொல்லு வை, வாயத் தொறந்ததும் வந்து விழுற மாதிரி. ஸ்டாப்புன்னு வை, காளின்னு வை, என்னமோ வை. விடுறதுக்கு அதோட ஒட்டே இல்லாத வேற சொல்லு வை, அதையும் கீழ இருந்து சொன்னதும் மேல இருந்து ஒருக்கா திருப்பிச் சொல்லணும், கீழ இருந்து ஆமாங்கணும். மெதுவா இருக்கும். டூரிஸ்ட்டு மொனகுவான், மொனகட்டும். அப்புறம் மேல நீ நிக்காத. கோவிச்சுக்காத, ஒன்னோட கை என்னோட கை. ஷாஜி நிதானக்காரன், ஒரு பீடியப் பத்த வைக்கவே கால் மணி நேரம் ஆக்குறவன், அவன மேல நிப்பாட்டு. நீ கீழ நின்னு ஆளப் பிடி. அங்க நின்னாத்தான் மேல நிக்கிறவன் மூச்சு விடுறதோட அரும ஒனக்குத் தெரியும்.

இம்புட்டையும் புதங்கெழம எழுதிட்டு மடிச்சு வச்சேன். கண்ணு மூடல. ஒனக்குச் சொல்லிட்டு அண்ணனுக்குச் சொல்லாம இருந்தா நான் என்ன மனுசி? வியாழக்கெழம மொத பஸ்ஸப் பிடிச்சு, குமுளியில எறங்கி வேற பஸ்ஸு மாறிக் கம்பத்துக்குப் போனேன். வளைவுல எல்லாம் எறங்கித் திரும்பி வந்துரலாமான்னு இருந்துச்சு. அண்ணன் தோட்டத்துல பந்தலுக்குக் கீழ ஒக்காந்து காஞ்ச எலையப் பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு. "என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாம? பய நல்லா இருக்கானா?"ன்னு எந்திரிச்சுச்சு. நான் ஒக்காரக்கூட இல்ல.

"அண்ணே, அன்னிக்கி நீ ரெண்டு தட்டுன."

"என்னிக்கி?"

"கை போன அன்னிக்கி. நான் ஒண்ணுலயே விட்டுட்டேன். ரெண்டாவதும் எனக்குக் கேட்டுச்சுண்ணே. ஆபீசுல பொய் சொல்லிட்டேன்."

அது கையில இருந்த எலையக் கீழ போட்டுட்டுக் கிட்ட வந்துச்சு. அடிக்கும்னு நெனச்சேன், அடிச்சா நல்லா இருக்கும்னும் நெனச்சேன். "ரெண்டு தட்டுனேனா நானு?"ன்னு கேட்டுச்சு. ஆமாண்ணேன்னேன். "நிசமாவா புள்ள?" ஆமாண்ணே. "நல்லா ரோசிச்சுச் சொல்லு. ரெண்டா?" மூணாவது தடவையும் ஆமான்னேன். அப்படியே பந்தக்காலப் பிடிச்சுக்கிட்டுக் கீழ ஒக்காந்துருச்சு.

"மொதல்ல எனக்கு நிச்சயமாத் தெரியும் புள்ள, ரெண்டுதான்னு. ஆஸ்பத்திரியில சொன்னேன், லயத்துல சொன்னேன், ஒருத்தனும் நம்பல. ஒன் தங்கச்சியே ஒண்ணுன்னு சொல்லிருச்சேன்னாங்க. நீ பொய் சொல்ல மாட்டியேன்னு ரோசிச்சு ரோசிச்சு, கடைசியில, குடிச்ச கிறுக்குல நான்தான் ஒண்ணு தட்டிட்டு ரெண்டுன்னு நெனச்சுக்கிட்டேன் போலன்னு நானே நம்பிட்டேன். இத்தன வருசமா என்னைய நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன் புள்ள."

அழுதுச்சா சிரிச்சுச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியல. கையப் பறிச்சது போதாதுன்னு, அது தலைக்குள்ள இருந்த உண்மையையும் பறிச்சிருக்கேன் ஐயா. கால்ல விழுந்தேன். "எந்திரி, பஸ்ஸு போயிரும்"னு மட்டும் சொல்லிட்டு குடிசைக்குள்ள போயிப் படலச் சாத்திக்கிருச்சு. மன்னிச்சேன்னு சொல்லல. சொல்லணும்னு நான் எதிர்பாக்கவும் கூடாது.

இன்னிக்கி வெள்ளிக்கெழம. காலையில அண்ணன் போன் பண்ணுச்சு. சவுக்கியம் எதுவும் கேக்கல. "அந்தப் பயலுக்குத் தெரியுமா?"ன்னுச்சு. எழுதிட்டு இருக்கேன்னேன். "எழுதுறது இருக்கட்டும். என்னையக் குடிகாரன்னு நாலு பேரு முன்னாடிதான ஆக்குன? நாலு பேரு முன்னாடி மாத்திச் சொல்லு. ஞாயித்துக்கெழம அவன் கம்பி தொறக்குறானாம்ல, எத்தன மணிக்குன்னு கேட்டு வை, நான் வர்றேன்." வச்சிருச்சு.

அதனால ஞாயித்துக்கெழம மாமாவும் நானும் வர்றோம். இத நாளக் காலையில ஏலப்பாறை பஸ்ஸுல குடுத்து விடுறேன், படிச்சுட்டு எத்தன மணிக்குன்னு போன் பண்ணிச் சொல்லு. ஒன் கம்பியில நான் ஏற மாட்டேன், ஆனா வீடியோவுல பேசச் சொன்னியே, அத வந்து பேசுறேன். டூரிஸ்ட்டு, பஞ்சாயத்து மெம்பர், ஷாஜியோட ஆளுக, கனகாவோட அப்பா அம்மா, எல்லாரும் நிப்பாக. தொழில் தொடங்குற அன்னிக்கி இந்தப் பேச்சு தேவையான்னு ஒனக்குக் கோவம் வரும், வரட்டும். என் அண்ணன் ரெண்டு தட்டுச்சு, நான் ஒண்ணுலயே விட்டுட்டேன், அப்புறம் பொய் சொன்னேன்னு சொல்லப்போறேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேமராவ நிறுத்தாத. மாமாவ முன்னாடி வரிசையில, எனக்கு நேரா ஒக்கார வை.

ஒன்னப் பெத்தவ